நீர்க்கட்டி

கல்லூரி விடுதிகளில் இன்று அடிக்கடி காதில் விழும் பெயர் பிசிஓஎஸ், அதாவது பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம். அதையே வீட்டுக்குச் சொல்லும்போது மாணவிகள் 'கர்ப்பப்பையில் நீர்க்கட்டி' என்கிறார்கள். கட்டி என்றதும் அம்மாக்களுக்கு நெஞ்சு பதறுகிறது. ஆபரேஷனா, குழந்தையே பிறக்காதா என்று. எனக்கு இந்தச் சொல்மீது கோபமே உண்டு. இடமும் பிழை, பொருளும் பிழை. கர்ப்பப்பை வேறு, முட்டை விளையும் சினைப்பை வேறு. ஸ்கேனில் ஓரமாக முத்துக் கோத்ததுபோல் தெரிபவை, முட்டை முதிராமல் பாதியில் நின்றுபோன நுண்பைகள். பெயரிலுள்ள 'சிஸ்ட்' கிரேக்கத்திலிருந்து வந்தது; அங்கே 'கிஸ்டிஸ்' என்றால் பை; சிறுநீர்ப்பைக்கும் அதே சொல். பையைக் கட்டியாக்கியது நம் பேச்சு வழக்குதான். 'சிண்ட்ரோம்' என்பதன் வேர்ப்பொருள் சேர்ந்து ஓடுதல். தள்ளிப்போகும் மாதவிலக்கு, முகத்தில் முடி, பரு, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை எல்லாம் கூட்டாக வருவதால் அந்தப் பெயர். பிசிஓஎஸ் என்று முடிவு செய்வதற்கான 2003 ராட்டர்டாம் வரையறையின்படி, மாதவிலக்குக் கோளாறும் ஆண் ஹார்மோன் மிகுதியும் இருந்தாலே போதும். ஸ்கேனில் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அப்படியானால் கட்டி இல்லாத பெயர் எது? தமிழில் 'சினை' கிளைக்கும் உறுப்புக்கும் மீன் முட்டைக்கும் பெயர். ஆனால் இன்றைய பேச்சில் சினைமாடுதான் முதலில் நினைவுக்கு வரும். சூல் அப்படியல்ல. மழை மேகத்துக்கும் கதிர் பொதிந்த பயிருக்கும் பெண்ணுக்கும் பொதுவாய் நின்ற சொல். இலங்கைத் தமிழர் சூலகம் என்றே எழுதுகிறார்கள். 'சூலகக் கோளாறு' என்றால் முழுப்பொருளும் வராதுதான். ஆனாலும் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் இல்லாத கட்டியை இருப்பதாகச் சொல்லாது.