செப்டம்பர் 16: ஒரு நாளின் வரலாறு

காலையில் வகுப்புத் தொடங்கியதும் கரும்பலகையின் மூலையில் ஆசிரியர் அன்றைய தேதியை எழுதுகிறார். மாலையில் அது அழிக்கப்படுகிறது. மறுநாள் அதே இடத்தில் வேறோர் எண் ஏறுகிறது. மாணாக்கர் அதனைத் தம் ஏட்டில் பார்த்தெழுதுவதோடு சரி. அந்த எண்ணுக்குப் பின்னே எத்தனை பிறப்புகள், எத்தனை இறப்புகள், எத்தனை நாடுகளின் எழுச்சிகள் மறைந்து கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆண்டின் ஏதேனும் ஒரு நாளை எடுத்துக்கொண்டு வரலாற்றின் வெவ்வேறு நூற்றாண்டுகளில் அந்நாளில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தினால், அதுவே ஒரு சிறு உலக வரலாறாக அமைந்துவிடும். செப்டம்பர் 16 அத்தகைய ஒரு நாள். மலேசியத் தமிழர்க்கு அது பல வகையிலும் நெருக்கமான நாளுமாகும்.

தேதி என்பது மனிதன் வகுத்தது

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நலம். தேதி என்பது இயற்கை தந்ததன்று. மனிதன் தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட அளவுகோலே அது. 1620-ஆம் ஆண்டில் 102 பயணிகளுடன் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டது மேஃபிளவர் என்னும் கப்பல். இன்றைய நாட்காட்டியின்படி அது புறப்பட்ட நாள் செப்டம்பர் 16. ஆனால், அக்கப்பலில் இருந்தோரைக் கேட்டிருந்தால் அன்று செப்டம்பர் 6 என்றே சொல்லியிருப்பர். இங்கிலாந்து அக்காலத்தில் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றி வந்தது. 1752-ஆம் ஆண்டில்தான் புதிய முறைக்கு மாறியது. தமிழர் கணக்கிலோ செப்டம்பர் 16 ஆவணி மாதத்தின் கடைக்கூறு, புரட்டாசியின் வாயிற்படி. கதிரவன் ஒன்றே, கணக்குகள் பல. ஆதலின், ஒரே தேதியில் பல நிகழ்ச்சிகள் கூடுவதை விதியின் விளையாட்டு என்று வியப்பதினும், அந்நிகழ்ச்சிகளுக்குத் தனித்தனியே இருந்த காரணங்களை ஆராய்வதே வரலாறு பயில்வோர்க்கு அழகு.

மணியோசையில் பிறந்த எழுச்சி

1810-ஆம் ஆண்டு செப்டம்பர் 16. மெக்சிகோ நாட்டின் டொலோரஸ் என்னும் சிற்றூர். விடியுமுன்னே அவ்வூர்த் தேவாலயத்தின் மணி ஒலித்தது. மணியடிக்கச் செய்தவர் அவ்வூர்ப் பங்குத் தந்தை மிகேல் ஹிடால்கோ. வழிபாட்டுக்கு எனக் கூடிய ஏழைக் குடியானவர்களை நோக்கி, ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராக எழுமாறு அவர் அறைகூவல் விடுத்தார். அவர் தொடங்கிய போர் அவர் வாழ்நாளில் வெற்றி பெறவில்லை. 1811 ஜூலை 30-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மெக்சிகோ விடுதலை பெற்றதோ 1821-ஆம் ஆண்டு செப்டம்பரின் இறுதியில்.

ஆயினும், அந்நாட்டு மக்கள் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுவது செப்டம்பர் 16-ஐத்தான். வெற்றி கைகூடிய நாளை விட்டு, முதற்குரல் எழுந்த நாளை அவர்கள் தேர்ந்துகொண்டனர். ஒரு நாடு எந்த நாளைத் தன் பிறந்தநாளாகத் தேர்கின்றது என்பதிலிருந்தே அது எதனைப் பெரிதாக மதிக்கின்றது என்பது புலனாகும்.

மலேசியா பிறந்த நாள்

1961 மே 27-ஆம் நாள் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில் துங்கு அப்துல் ரகுமான் மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை ஆகியவை நெருங்கி இணைய வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். 1962-இல் கோபால்ட் ஆணைக்குழு போர்னியோ மக்களின் கருத்தைக் கேட்டறிந்தது. 1963 ஜூலை 9-ஆம் நாள் இலண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. புருணை சேராது விலகி நின்றது. மலாயாவின் விடுதலை நாளான ஆகஸ்ட் 31-இலேயே புதிய கூட்டரசும் மலரும் என்று முடிவு செய்யப்பட்டிருந்தது.

அந்நாள் தள்ளிப்போனதற்குக் காரணம் உண்டு. இந்தோனேசியா இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தது. பிலிப்பைன்சு வட போர்னியோவின்மீது உரிமை கொண்டாடியது. மணிலாவில் நடைபெற்ற பேச்சுவார்த்தையின் பயனாக, அவ்விரு மாநில மக்களின் விருப்பத்தை அறிந்து கூறும் பொறுப்பு ஐக்கிய நாடுகள் மன்றத்தின் தலைமைச் செயலாளர் ஊ தாண்ட் அவர்களிடம் விடப்பட்டது. அவர் அனுப்பிய குழு அங்குச் சென்று ஆராய்ந்தது. மக்களில் பெரும்பாலோர் மலேசியாவை விரும்புகின்றனர் என்ற முடிவு செப்டம்பர் 14-ஆம் நாள் வெளியாயிற்று. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது.

அன்று சிங்கப்பூர்த் தலைமையமைச்சர் லீ குவான் இயூ அவர்கட்கு நாற்பது வயது நிறைந்தது. அவர் 1923 செப்டம்பர் 16-இல் பிறந்தவர். நாட்டின் பிறந்தநாளும் தலைவரின் பிறந்தநாளும் ஒன்றானதைப் பலர் சுவைபடப் பேசுவதுண்டு. ஆனால், அந்தத் தேதியை முடிவு செய்தவை மணிலா பேச்சும் ஐக்கிய நாடுகள் குழுவின் பணியுமே என்பதை மேலே கண்டோம். நாள் ஒன்றானமையால் வழியும் ஒன்றாகிவிடவில்லை. ஈராண்டுகள் நிறையுமுன்னரே, 1965 ஆகஸ்ட் 9-ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்து தனிநாடாயிற்று.

மலேசியா பிறந்த அதே நாளில் ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த எதிர்ப்புப் போராட்டம் 1966 ஆகஸ்டு வரை நீடித்தது. ஓரிடத்தில் வாழ்த்தொலி, வேறோரிடத்தில் கல்வீச்சு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்நாளின் வரலாறு முழுமையுறும்.

நீண்டகாலம் இந்நாடு ஆகஸ்டு 31-ஐயே பெருவிழாவாகக் கொண்டாடி வந்தது. சபா, சரவாக் மக்களுக்கோ கூட்டரசில் இணைந்த நாள் செப்டம்பர் 16. அதனை நாடு முழுவதற்குமான பொது விடுமுறையாக்கியது 2010-ஆம் ஆண்டிலிருந்துதான். அதற்கு நாற்பத்தேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மதுரை தந்த குரல்

1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மதுரையில், வீணைக் கலைஞர் சண்முகவடிவு அம்மையாரின் மகளாகப் பிறந்தார் எம். எஸ். சுப்புலட்சுமி. 1945-இல் வெளிவந்த 'மீரா' திரைப்படம் அவர் புகழைத் தமிழகத்துக்கு அப்பாலும் கொண்டு சென்றது. 1966 அக்டோபரில் அவர் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் பாடினார். 1998-இல் பாரத ரத்னா விருது பெற்ற முதல் இசைக்கலைஞரும் அவரே. 2004 டிசம்பர் 11-இல் அவர் மறைந்தார். கடல் கடந்து வாழும் தமிழர் இல்லங்களிலும் வைகறையில் முதலில் எழுவது அவர் குரலாக இருந்த காலம் உண்டு. இன்றும் பல இல்லங்களில் அவ்வழக்கம் தொடர்கின்றது.

காய்ச்சலை அளந்தவரும் அதன் வேரைக் கண்டவரும்

செப்டம்பர் 16-இல் மறைந்தோருள் இருவரை மலேசியத் தமிழர் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் டேனியல் கேப்ரியல் பாரன்ஹீட். 1686-இல் டான்சிக் நகரில் பிறந்து, 1736 செப்டம்பர் 16-இல் ஹாலந்து நாட்டில் மறைந்தவர். பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வெப்பத்தைத் துல்லியமாக அளக்க வழிகாட்டியவர். பிற்காலத்தார் அக்கருவியைத் திருத்தி நோயாளியின் நாவடியில் வைக்கத் தக்கதாக ஆக்கினர். தோட்ட மருத்துவமனையில் டிரெசர் அதை உதறிப் பார்த்துக் காய்ச்சல் நூற்றுநான்கு என்று சொன்னபோது, அந்தக் கணக்கு பாரன்ஹீட்டின் கணக்கே.

மற்றவர் ரொனால்ட் ராஸ். 1857-இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்து, 1932 செப்டம்பர் 16-இல் இலண்டனில் மறைந்தவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்த இவர், 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில், ஒருவகைக் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். மறு ஆண்டில் கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆய்ந்து, கொசுக்கடியே நோயைப் பரப்புகிறது என்று நிறுவினார். தீய காற்றால் வருவது என உலகம் நெடுங்காலம் நம்பியிருந்த காய்ச்சலின் வேர் அன்று வெளிப்பட்டது. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இக்கண்டுபிடிப்பின் பயன் விரைவில் மலாயாவை எட்டியது. 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களின் நீரை வடித்தும் புதர்களை அழித்தும் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். ஆனால், கடலோரத்தில் வென்ற முறை மலைச்சரிவுகளில் தோற்றது. அங்கே காட்டை வெட்டி வெயில் பட வைத்தபோது நோய் குறையாமல் பெருகிற்று. தெளிந்த ஓடைநீரில் வெயில் பட்டால் பெருகும் வேறொரு கொசுவினம் அங்கிருந்ததே அதற்குக் காரணம். ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும் தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தும் அதனை அடக்க வேண்டியிருந்தது.

அவ்வுண்மை தெளிவதற்குள் மாண்டோர் பலர். காட்டை வெட்டியோரும் பால்மரம் நட்டோரும் பெரும்பாலும் சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகளின் வழியாகவும் தமிழகத்திலிருந்து வந்தவர்களே. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் புதுத்தோட்டத்து லயத்தில் குளிர்காய்ச்சலால் நடுங்கிக் கிடந்தனர். கொயினா கைக்கு எட்டுமுன் கண்மூடியோரும் உண்டு. ராஸ் மறைந்த நாள் ஏடுகளில் பதிவாகியுள்ளது. அவருடைய கண்டுபிடிப்பு யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ, அவர்களுள் மிகப் பலரின் மறைந்த நாள் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியாது.

நாளின் இருபுறமும்

1982-ஆம் ஆண்டு இதே நாள் மாலையில் பெய்ரூட் நகரின் சப்ரா, ஷத்திலாப் பகுதிகளில் தொடங்கிய படுகொலையில் நூற்றுக்கணக்கான பாலஸ்தீன ஏதிலியர் மாண்டனர். 1987-இல் இதே நாளில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒன்றுகூடி, ஓசோன் படலத்தை அழிக்கும் வேதிப்பொருள்களைக் குறைக்க உடன்பாடு கண்டன. அதன் நினைவாகச் செப்டம்பர் 16 பன்னாட்டு ஓசோன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மனிதன் மனிதனை அழித்ததும் மனிதர் கூடி வானத்தைக் காத்ததும் ஒரே தேதியின் கீழ் நிற்கின்றன. நாள் நல்லதுமன்று, தீயதுமன்று. அதனை அவ்வாறு ஆக்குவோர் மாந்தரே.

பெரியோர் பிறந்த நாளையும் நாடுகள் எழுந்த நாளையும் மாணாக்கர் மனப்பாடம் செய்வது நன்று. அத்துடன் மற்றொரு பயிற்சியும் தேவை. தம் பாட்டனார் எந்த ஆண்டில், எந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினார். எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார். எந்நாளில் மறைந்தார் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஏட்டில் எழுதிவரச் செய்தல் வேண்டும். சிலர் நாளைச் சொல்வர். சிலர் மாதத்தை மட்டும் சொல்வர். பலர், அந்த ஆண்டு பெருவெள்ளம் வந்தது என்றோ ஜப்பானியர் வருவதற்கு முன் என்றோ சொல்வர். கிடைத்ததைக் கிடைத்தவாறே எழுதட்டும். இன்னும் சில ஆண்டுகள் கழித்தால், அவ்வளவும் சொல்வதற்குக்கூட ஆள் இருக்கமாட்டார்கள்.