ஐ.பி.எம். முதல் சாட்ஜிபிடி வரை

2025 ஜனவரி 29 அன்று மத்திய நிதி அமைச்சகம் தன் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பயன்படுத்தக் கூடாது, அரசு ஆவணங்களின் ரகசியத்துக்கு ஆபத்து என்பது அதன் சாரம். முதலாவது அமெரிக்கக் கம்பெனியுடையது, இரண்டாவது சீனக் கம்பெனியுடையது. அடுத்த வாரமே ஆஸ்திரேலியாவும் தன் அரசுக் கம்ப்யூட்டர்களில் டீப்சீக்கைத் தடை செய்தது.

இதில் நமக்கென்ன என்று தோன்றலாம். ஒரு மனுவுக்குப் பதில் எழுத குமாஸ்தா ஒருவர் அதை அப்படியே இந்தக் கருவியில் போட்டால், நம் பெயர், சர்வே எண், நோய் விவரம் எல்லாம் எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். பட்டா, பென்ஷன், ரேஷன் எல்லாம் அரசாங்கக் கோப்பில்தானே இருக்கின்றன? ஆகவே சுற்றறிக்கை சரிதான் என்பது என் கருத்து. ஆனால் தடை மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு பழைய கதைகள் உண்டு.

முதல் கதை ஐ.பி.எம். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டுக் கம்பெனிகள் பொதுவாகத் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டியிருந்தது. ஐ.பி.எம். அதற்கு உடன்படாமல், ஜனதா ஆட்சிக் காலத்தில், 1978இல் வெளியேறியது. அதன் இயந்திரங்கள் இங்கே ஓடிக்கொண்டிருந்தன. பழுதானால் யார் பார்ப்பது? சி.எம்.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. பழுது பார்த்தே தொழில் கற்றவர்கள், 1980களில் ரயில்வேக்குக் கம்ப்யூட்டர் முன்பதிவு முறையையும் அமைத்துக் கொடுத்தார்கள். பேரேட்டில் பெயர் எழுதி பெர்த் வாங்கிய காலம் அதோடு முடிந்தது.

இரண்டாவது கதை நம் இந்து நகர். வெளிநாட்டு ஃபிலிமை நம்பியிருக்கக் கூடாது என்று 1960இல் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கப்பட்டது. பிரான்சின் போஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. ஆஸ்பத்திரிகளில் 'இந்து' எக்ஸ்ரே ஃபிலிம் பார்த்தவர்கள் நம்மில் பலர். 1991க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்தது, வெளிநாட்டு ஃபிலிம் எளிதாக உள்ளே வந்தது. கடனும் ஏறியது. 1996இல் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். பின்னால் டிஜிட்டல் வந்து ஃபிலிமே தேவையில்லாமல் போயிற்று. உழைத்தவர்களிடம் குறையில்லை. பாதுகாப்பு இருந்த காலத்தில் அடுத்த தொழில்நுட்பத்துக்கு நம்மைத் தயார் செய்யவில்லை.

இன்று எந்த வழியில் போகிறோம்? 2024 மார்ச்சில் மத்திய அரசு செயற்கை நுண்ணறிவுத் திட்டத்துக்கு 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில், உள்நாட்டு மாடல் ஒன்றை உருவாக்க பெங்களூரு சர்வம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்காக ஒரு குழு உழைக்கிறது. நல்ல தொடக்கம்தான்.

ஆனால் தாலுகா ஆபீஸ் மேசைக்கு நம்முடைய கருவி ஒன்று வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் தடுக்கப்பட்ட குமாஸ்தா சட்டைப்பையில் இருக்கும் சொந்த போனை எடுத்து அதே வேலையைச் செய்வார். நம் மனு அப்போதும் வெளியேதான் போகும்.