காமிராவுக்கு அருகில் நின்றவர்கள்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், சங்கத்தின் உதவி பெற்றுப் படித்தோர் ஆசிரியராகவும் செவிலியராகவும் அரசு அலுவலராகவும் விளங்குவது கண்டு மகிழ்கின்றோம். எனினும், விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் நெஞ்சில் முதலில் தோன்றியது, சங்கம் பிறப்பதற்கு முன்னரே நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனின் முகமே.

அது 1998ஆம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க வந்த அம்மாணவன், "ஐயா, சினிமாவில் காமிரா வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டான். அவன் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகன். "சினிமா நம்மைப் போன்றவர்களுக்குச் சோறு போடாது, தட்டச்சு படி" என்று புத்திமதி கூறி அனுப்பிவிட்டோம். உண்மை யாதெனில், அவன் கேட்ட கேள்விக்கு நமக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தகாது என்று சொல்லிவிட்டோம். அன்று சொல்லத் தவறிய விடையை, அத்தொழிலின் வரலாற்றோடு, நம் இளைஞர்க்கு இங்கே எழுதப் புகுகின்றோம்.

தொழில் பிறந்த வரலாறு

பேசாப் படக் காலத்தில் காமிராவைக் கையால் சுழற்றிப் படம் பிடித்தனர். சுழற்றியவரே லென்ஸையும் சரிசெய்தார். உடன் நின்ற ஆள் முக்காலி சுமந்தார்; காட்சி எண் எழுதிய பலகையைப் பிடித்தார். 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்து படங்கள் பேசத் தொடங்கின. காமிராவின் இரைச்சல் ஒலிப்பதிவில் விழாதிருக்க, முதலில் அதனைச் சிற்றறைக்குள் அடைத்தனர். பின்னர் இரைச்சல் காக்கும் உறையிட்டு வெளியே கொணர்ந்து, டிராலியில் ஏற்றி நகர்த்தினர். நடிகரும் நடக்க, காமிராவும் நகர, இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு நொடிக்கு நொடி மாறியது. அத்தொலைவுக்கேற்ப லென்ஸின் வளையத்தைத் திருப்பத் தனியே ஓர் ஆள் இன்றியமையாதவரானார். இங்கிலாந்தில் அவரைப் 'போகஸ் புல்லர்' என்றனர். அமெரிக்காவில் 'முதல் உதவியாளர்' என்றனர். அவருக்குக் கீழே படச்சுருள் ஏற்றிப் பலகை அடிப்பவர் இரண்டாம் உதவியாளர்.

அப்பணியின் அருமையை ஒரு கணக்கால் விளக்கலாம். நூறு மில்லிமீட்டர் லென்ஸின் துளையை 2 என்னும் அளவுக்குத் திறந்துவைத்து, ஆறடித் தொலைவில் உள்ள முகத்தைப் படம் பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலமே. கண் தெளிந்தால் காது மங்கும். நடிகர் சற்றே முன்சாய்ந்தால் கண்ணும் மங்கிவிடும். காமிராவின் உடலில், வட்டத்தின் குறுக்கே கோடிட்ட ஓர் அடையாளம் உண்டு. படச்சுருள் இருக்கும் தளத்தை அது குறிக்கும். அங்கிருந்து நடிகரின் கண் வரை நாடாவால் அளந்து, அவர் நிற்கும் இடங்களைத் தரையில் குறித்து, ஒத்திகையில் அளவுகளை மனத்திற்கொண்டு, படம் ஓடும்போது வளையத்தைத் திருப்ப வேண்டும். லென்ஸ் வழியே பார்ப்பவர் காமிராவை இயக்குபவர்; போகஸ் புல்லரோ பக்கத்தில் நின்று, அளவையும் தம் கண்ணையும் மட்டுமே நம்பித் தொழில் செய்தவர். படச்சுருள் காலத்தில் அவருடைய பிழை, சுருளைக் கழுவித் திரையிட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் அரங்கையே பிரித்திருப்பார்கள்.

இரண்டாம் உதவியாளரின் பணியும் எளிதன்று. 35 மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி ஓடும். நானூறடிச் சுருள் நான்கரை நிமிடத்திற்குள் தீரும். கறுப்புத் துணிப் பைக்குள் கைகளை விட்டு, கண்ணால் காணாமலே அடுத்த சுருளை ஏற்ற வேண்டும். சிறிது வெளிச்சம் புகுந்தாலும் எல்லார் உழைப்பும் பாழாகும்.

தரை துடைத்தவர் பெற்ற பரிசு

இத்தொழிலின் அடிப்படியில் நுழைந்து உச்சியை அடைந்தோர் வரலாற்றில், நம் இளைஞர் கட்டாயம் அறிய வேண்டியது ஜேம்ஸ் வாங் ஹௌ அவர்களின் வரலாறு. 1899இல் சீனாவின் குவாங்தொங் மாநிலத்தில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்கா சென்றவர். சீனத் தொழிலாளர் குடியேறுவதையும் சீனர் குடியுரிமை பெறுவதையும் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. இளமையிலேயே தந்தையை இழந்தார். குத்துச்சண்டை வீரராகவும், படப்பிடிப்புக் கடையின் ஏவலாளாகவும், விடுதிப் பணியாளாகவும் வயிறு வளர்த்தார். பின்னர் ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றில் காமிரா அறையைத் துடைத்துத் துப்புரவு செய்யும் வேலை வாரம் பத்து டாலர் கூலிக்குக் கிடைத்தது. 1917ஆம் ஆண்டை ஒட்டி, பலகை பிடிக்க ஆள் குறைந்த ஒருநாள் படப்பிடிப்புத் தளத்திற்கு அழைக்கப்பட்டார். இயக்குநர் செசில் பி. டெமில் அவரை உதவியாளராக வைத்துக்கொண்டார்.

இதனை அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். அதன் பின் நடந்ததே நமக்குப் பாடம். ஹௌ வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில் நடிக நடிகையரை நிழற்படம் எடுத்தார். மேரி மைல்ஸ் மின்டர் என்னும் நடிகையின் விழிகள் நீலமானவை. அக்காலப் படச்சுருள் நீலத்தை வெண்மையாகக் காட்டும். ஆகவே அவர் விழிகள் வெளிறித் தோன்றும். ஹௌ எடுத்த படத்தில் அவை கருமையாக விழுந்திருந்தன. காரணத்தை ஆராய்ந்த அவர், எதிரேயிருந்த கரிய பரப்பு விழிகளில் பிரதிபலித்ததைக் கண்டுகொண்டார். காமிராவின் லென்ஸைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட்டுத் துணி கட்டித் திரைப்படத்திலும் அதனைச் செய்து காட்டினார். அந்நடிகையே வேண்ட, 1923இல் வெளிவந்த படங்களில் அவர் ஒளிப்பதிவாளரானார்.

பின்னாளில் 'பாடி அண்ட் சோல்' (1947) படத்தின் குத்துச்சண்டைக் காட்சிகளை, காலில் உருளைச் சக்கரங்களை அணிந்து, காமிராவைக் கையில் ஏந்திச் சுழன்று படமாக்கினார். 'தி ரோஸ் டாட்டூ' (1955), 'ஹட்' (1963) ஆகிய படங்களுக்கு ஆஸ்கார் பரிசு பெற்றார். இத்தகையவர் 1937இல் எழுத்தாளர் சனோரா பாப் என்னும் வெள்ளை இன மங்கையைப் பாரிஸ் நகரில் மணந்தும், கலிபோர்னியாவில் அம்மணம் சட்டப்படி செல்லவில்லை. கலப்பு மணத் தடை அம்மாநிலத்தில் 1948இல்தான் வீழ்ந்தது. குடியுரிமைத் தடையும் 1943இல்தான் நீங்கியது. தொழிலில் உயர்ந்தமையால் இழிவு தானே நீங்கிவிடவில்லை. அதற்குச் சட்டம் மாற வேண்டியிருந்தது. ஆனால் சட்டம் மாறும்வரை அவர் கைத்தொழில் காத்திருக்கவும் இல்லை. இவ்விரண்டையும் நம் இளைஞர் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில்

நம் நாட்டில் ஒருவருக்குக் கிட்டிய நல்வாய்ப்பு அரசு தொழிற்கல்வி. மைசூரில் 1923இல் பிறந்த வி. கே. மூர்த்தி, பெங்களூர் ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு பயின்றார். பம்பாய் சென்று உதவியாளரானார். 'பாஸி' (1951) படப்பிடிப்பில், உதவியாளராக இருந்துகொண்டே கடினமான ஒரு காட்சியைத் தாம் எடுத்துத் தருவதாக முன்வந்தார். அதனைக் கண்ட குருதத், தம் அடுத்த படமாகிய 'ஜால்' (1952) படத்திற்கு அவரையே ஒளிப்பதிவாளராக்கினார். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே பூல்' (1959) அவருடைய கைவண்ணமே. 2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது.

நம் சென்னையிலோ, பி. ஆர். விஜயலட்சுமி அவர்கள் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராயிருந்து, 'சின்ன வீடு' (1985) படத்தால் ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் எனப் பெயர் பெற்றார். இவர் இயக்குநர் பி. ஆர். பந்துலுவின் மகள், படத்தொழிலின் வாயில் இவருக்குப் புதியதன்று. அவரும் உதவியாளர் படியில் நின்றே ஏறினார். கே. வி. ஆனந்த் அவர்களோ பத்திரிகைகளுக்கு நிழற்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். பி. சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்து, 'தேன்மாவின் கொம்பத்து' (1994) என்னும் மலையாளப் படத்திற்குத் தேசிய விருது பெற்றார். ஹௌவும் ஆனந்தும் ஒளிப்பதிவாளர் ஆவதற்கு முன்பே, இருவரும் தாம் எடுத்த படங்களை உடையவர்களாய் இருந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பெட்டி ஒன்று, ஏணி இரண்டு

இனி, நம் மாணவனுக்கு வருவோம். நாம் தட்டச்சு படிக்கச் சொன்னவன் சென்னைக்குச் சென்று, காமிராக்களை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் பெட்டி தூக்கும் ஆளாகச் சேர்ந்தான். 2004ஆம் ஆண்டு பொங்கலுக்கு ஊர் வந்தபோது நம்மைப் பள்ளியில் வந்து கண்டான். வராந்தாவில் நின்று வேப்பமரத்தைப் பார்த்து, "பதினேழரை அடி ஐயா" என்றான். நீளந்தாண்டல் போட்டிக்கு வைத்திருந்த நாடாவைக் கொண்டுவந்து அளந்தோம். இரண்டு அங்குலமே வேறுபட்டது. கணக்குப் பாடத்தில் முப்பத்தைந்தைத் தாண்டாதவன் அவன்.

நாம் மகிழ்ந்து, "ஒளிப்பதிவாளர் ஆவது எப்போது?" என்று வினவினோம். அவன் சிரித்தான். "ஐயா, காமிராமேனோடு வரும் உதவியாளர் வேறு, காமிராவோடு வரும் ஆள் வேறு. நான் காமிராவோடு வருபவன். போகஸ் நான்தான் பார்க்கிறேன். மாலையில் காமிரா ஏறும் வேனில் நானும் ஏறித் திரும்பிவிடுவேன்" என்றான்.

அன்றுதான் நமக்கு விளங்கியது. நம் நாட்டில் வாடகைக் காமிராவுடன் வரும் பணியாளரே பல படங்களில் போகஸ் பார்த்துவந்தனர். ஒளிப்பதிவாளரின் உதவியாளர்களோ அவரோடு கதை கேட்டனர், ஒளி அமைக்கக் கற்றனர், நாளடைவில் தாமும் ஒளிப்பதிவாளர் ஆயினர். இருவரும் நின்றது ஒரே பெட்டியின் அருகில்தான், ஏணிதான் வேறு. முதலாம் ஏணியில் ஏறினோர் பெரும்பாலும் பயிற்சி நிறுவனத்தில் படித்தவர், அல்லது அறிமுகம் உடையவர், அல்லது சம்பளமின்றி ஈராண்டு சென்னையில் தங்க வீட்டார் துணை பெற்றவர். நம் மாணவனுக்கு இம்மூன்றும் இல்லை. தரமணியில் அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் உண்டு என்பதையும், அரசு நிறுவனமாதலால் அங்கு இடஒதுக்கீடு உண்டு என்பதையும் 1998இல் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் அவனுடைய ஆசிரியராகிய நாம். பயிற்சி நிறுவனத்தின் வாயில் அவனுக்கு அடைக்கப்படவில்லை. அப்படியொரு வாயில் இருப்பதை நாம் அவனுக்குக் காட்டவில்லை.

மாறிய காலம்

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் படச்சுருள் வழக்கொழிந்து டிஜிட்டல் காமிரா வந்தது. கறுப்புப் பைக்குள் சுருள் ஏற்றும் வேலை மறைந்தது. பதிவான காட்சிகளைக் கணினியில் பத்திரப்படுத்தும் வேலை தோன்றியது. போகஸ் புல்லர் காமிராவை ஒட்டி நிற்க வேண்டியதில்லை. கம்பியில்லாக் கருவியைக் கையில் வைத்து, தொலைவில் திரையைப் பார்த்தபடி வளையத்தைத் திருப்பலாம். ஆனால் பெரிய சென்சார் வந்தபின் தெளிவின் ஆழம் மேலும் சுருங்கியது. பிழையும் உடனே எல்லார் கண்ணிலும் படுகின்றது. ஆகவே இக்கலை வல்லாரை இன்று தனியே தேடி அழைக்கின்றனர். நம் மாணவனும் புதிய கருவியைக் கற்றுக்கொண்டு, அன்றாடப் பேட்டாவில் இன்றும் தொழில் செய்கின்றான். அவன் குறை சொல்வதில்லை, குறை நம்முடையது.

செய்யத்தக்கவை

இளைஞர்களே! ஆணாயினும் பெண்ணாயினும், இத்தொழிலை விரும்புவோர் மூன்றைக் கைக்கொள்ளுங்கள். முதலாவதாக, கையில் உள்ள எளிய கருவியால் நாள்தோறும் படம் எடுத்து, நல்லவற்றைத் தொகுத்து வையுங்கள். இரண்டாவதாக, பன்னிரண்டாம் வகுப்பிலேயே தரமணி, புனே, கொல்கத்தா ஆகிய இடங்களிலுள்ள அரசு நிறுவனங்களின் சேர்க்கை அறிவிப்புகளைக் கேட்டறியுங்கள். எதற்குப் பள்ளிப் படிப்புப் போதும், எதற்குப் பட்டம் வேண்டும் என்பதை ஆசிரியரை விடாது வினவுங்கள். மூன்றாவதாக, வேலையில் சேரும் அன்றே, நிற்பது எந்த ஏணியில் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி தூக்குவது இழிவன்று. ஹௌ தரை துடைத்தார். துடைத்த பின் எங்கே போகலாம் என்பதை அறியாதிருத்தலே இழப்பு. தொழிற்சங்க உறுப்பினர் அட்டை பெறுவதற்கான வழியையும் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

சங்கத்தின் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் உதவித்தொகை படிப்பு முடிந்ததும் நின்றுவிடுகின்றது. ஆனால் இத்தகைய தொழில்களில் தேர்வு முடிந்த பின்னரே பட்டினி தொடங்குகின்றது. உதவியாளராகச் சேரும் முதல் ஈராண்டுக்கு அறை வாடகையும் உணவும், சங்க அட்டைக்கான தொகையும் கடனாக அளிக்க ஒரு சிறு நிதி ஏற்படுத்துவோமாயின், பெட்டி தூக்கும் நம் பிள்ளைகள் ஏணி மாறி ஏறுவர்.

சென்ற கோடை விடுமுறையில் அவனை அழைத்து, நம் மாணவர்முன் பேசச் செய்தோம். அவன் அதிகம் பேசவில்லை. நாடாவை ஒரு சிறுமியின் கையில் கொடுத்து, தோழியின் கண் வரை அளக்கச் சொன்னான். அவள் அளந்து முடித்ததும், "ஐயா, இதற்கு என்ன படிக்க வேண்டும்?" என்று நம்மை நோக்கிக் கேட்டாள். இம்முறை நாம் விடை சொன்னோம்.

சங்கம் வளர்க! நம் இளைஞர் உயர்க!