மருந்துக்கு அடங்காத ரத்தத் தொற்று: ஓஸ்லோவின் புற்றுநோய் வார்டுகள்

மருத்துவமனையில் சிகிச்சை பெறும் புற்றுநோயாளியின் ரத்தத்தில், வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா புகுவதே மருந்து எதிர்ப்பு ரத்தத் தொற்று. நார்வேயில் இவ்வகை எதிர்ப்பு குறைவு. அதனால் தலைநகர் ஓஸ்லோவில் பழைய பெனிசிலினைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்கும் மரபு நீடித்தது.

தொற்றும் வழி

கீமோதெரபி புற்றணுக்களோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே இறங்கினால் உடலின் முதல் காவல் தளர்கிறது. புண்ணான குடற்சுவர் வழியாக ஈ.கோலை, க்ளெப்சியெல்லா போன்றவையும், நரம்பில் பொருத்திய குழாய் வழியாகத் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸும் ரத்தத்தில் கலக்கின்றன. சீழ் பிடிக்காது, பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றே அறிகுறி.

முதல் ஒரு மணி நேரம்

காய்ச்சல் கண்டதும் கையிலிருந்தும் குழாயிலிருந்தும் ரத்தம் எடுத்து, ஆக்ஸிஜன் உள்ளதும் இல்லாததுமான இரு வகை வளர்ப்புக் குப்பிகளில் செலுத்துவார்கள். முடிவு வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதற்காகக் காத்திருக்காமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். எந்தக் கிருமி என்று தெரியாமலேயே மருந்தைத் தேர்வதால், ஊரில் எதிர்ப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

ஓஸ்லோவின் வழி

1932-இல் திறக்கப்பட்ட ரேடியம் மருத்துவமனை நார்வேயின் முதன்மையான புற்றுநோய் மையம். 2009 முதல் ஓஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் அங்கம். பல நாடுகள் வீச்சு மிகுந்த மருந்துகளுக்குத் தாவியபோதும், நார்வே மருத்துவர்கள் பெனிசிலினுடன் ஜென்டாமைசின் அல்லது டோப்ராமைசினைச் சேர்த்துக் கொடுத்தனர். இந்தக் கூட்டில் டோப்ராமைசினை நாளுக்கு ஒரே முறை கொடுத்தாலும் மூன்று முறைக்கு இணையான பலன் உண்டு என்று, பல மருத்துவமனைகளில் நடந்து 2007-இல் வெளியான நார்வே ஆய்வு காட்டியது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இக்கூட்டு ஆகாது. அவர்களுக்கும் நிலை மோசமானவர்களுக்கும் வேறு மருந்துகள் தரப்படும்.

கண்காணிப்பு

‘நார்ம்’ எனும் தேசிய அமைப்பு 2000 முதல் ஆண்டுதோறும் எதிர்ப்பு நிலவரத்தைத் தொகுக்கிறது. ரத்தத்தில் கிடைக்கும் ஈ.கோலையில், செபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் ஈஎஸ்பிஎல் வகை அங்கே 10 விழுக்காட்டுக்கும் கீழ். இந்திய மருத்துவமனைகளில் பாதிக்கும் மேற்பட்ட ஈ.கோலை அம்மருந்துகளுக்கு அடங்குவதில்லை. 2012-ஆம் ஆண்டு அளவிலிருந்து 2020-க்குள் ஆன்டிபயாடிக்குகளின் மனிதப் பயன்பாட்டை 30 விழுக்காடு குறைக்க நார்வே அரசு இலக்கு வைத்து, அதை எட்டியது.

தமிழ்நாட்டுக்கு

2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய ‘சென்னை பிரகடனம்’, இந்தியாவுக்கான எதிர்ப்புத் தடுப்புத் திட்டத்தை முன்வைத்தது. 2014-இல் நடைமுறைக்கு வந்த, இந்திய மருந்து விதிகளின் எச்1 பட்டியல், முக்கிய ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதைத் தடுத்து, விற்பனையைப் பதிவேட்டில் குறிக்கச் சொல்கிறது. இந்த விதியை மருந்துக்கடைகளில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவதும், சளிக்கு ஆன்டிபயாடிக் விழுங்கும் பழக்கத்தை விடுவதும் புற்றுநோய் சிகிச்சையையே காக்கும் வேலைகள்.