உப்பின் வயது: ஆர்.எஸ்.மங்கலம் நிலத்தடி நீரும் ‘கடல்நீர் ஊடுருவல்’ என்னும் வாசிப்பும்

ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரத்தின் உவர்நீர் கடலிலிருந்து அண்மைக் காலத்தில் புகுந்தது; ஆழ்குழாய்க் கிணறுகளின் மிகை உறிஞ்சலே அதற்குக் காரணம். இராமநாதபுரம் கடலோரத்து நீர்வேதியியல் எழுத்துகளில் அடிக்கடி எதிர்ப்படும் இம்முடிவு பெரும்பாலும் ஒரே சான்றில் நிற்கிறது. பைப்பர் வரைபடத்தின் சோடியம்–குளோரைடு மூலையில் குவியும் புள்ளிகளே அச்சான்று. அது இவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது என்பது இக்கட்டுரையின் வாதம். உப்பின் பெரும்பகுதி இந்நிலத்தின் பழைய இருப்பு என்றே கருதுகிறேன்.

1944இல் ஆர்தர் பைப்பர் முன்வைத்த வரைபடம் அயனிகளின் சதவீதத்தைக் காட்டும், அளவைக் காட்டாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. கடலோர மழைநீரில் லிட்டருக்கு இருப்பதோ சில மில்லிகிராம்தான். ஆனால் மழையின் உப்பும் கடல் தெறிப்பிலிருந்து வந்ததே என்பதால் இரண்டும் வரைபடத்தில் ஏறத்தாழ ஒரே மூலைக்குச் சென்று சேரும். வங்கக் கடலைக் கடந்து வரும் வடகிழக்குப் பருவமழை, வாட்டம் மிகக் குறைந்த களிமண் தரையில் தேங்கி, நீண்ட கோடையில் ஆவியாகிறது. நீர் போகிறது, உப்பு தங்குகிறது. இது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்த நிலத்தடியும், நேற்றுக் கடல் புகுந்த நிலத்தடியும் பைப்பர் வரைபடத்தில் ஒரே முகத்தோடு நிற்கும்.

இதை உணர்ந்த சிலர் அயனி விகிதங்களுக்கு நகர்ந்தனர். கடல்நீரில் சோடியம்–குளோரைடு மோல் விகிதம் 0.86, குளோரைடு–புரோமைடு எடை விகிதம் ஏறத்தாழ 290. கிணற்று நீர் இவற்றை ஒட்டியிருந்தால் ஊடுருவல் உறுதி என்கிறார்கள். உறுதியாவது உப்பின் கடல் வழிப் பிறப்பு மட்டுமே. ஆவியாதல், கல்லுப்பு படியத் தொடங்கும் கட்டம் வரை, இவ்விகிதங்களைப் பெரிதாக மாற்றுவதில்லை. உப்பு எந்த வழியில், எந்தக் காலத்தில் வந்தது என்ற கேள்விக்கு இவை விடை தருவதில்லை.

ஊடுருவல் இப்போது நடக்கிறது என்றால் அதற்கென ஒரு தடயம் இருக்க வேண்டும். நன்னீர் இருந்த களிமண் படுகையில் கடல்நீர் நுழையும்போது, களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை வெளிவிடும். எனவே முன்னேறும் முனையில் கால்சியம்–குளோரைடு வகை நீர் தோன்ற வேண்டும். சோடியம்–குளோரைடு விகிதம் 0.86க்குக் கீழே இறங்க வேண்டும். மாறாக, பழைய உவர்ப்படுகையை மழைநீர் மெல்லக் கழுவும்போது சோடியம்–பைகார்பனேட் வகை நீர் உருவாகும். கடலிலிருந்து உள்ளே போகப்போக இவ்விரு வகைகளில் எது எங்கே நிற்கிறது என்பதே தீர்ப்புக்குரிய கேள்வி. மூலையில் குவிந்த புள்ளிகளை எண்ணுவோர் மூலைக்கு வெளியே சிதறியவற்றைக் ‘கலப்பு வகை’ என்று ஒதுக்குகிறார்கள். வழக்கின் சாட்சி அங்கேதான் இருக்கிறது.

இயற்பியலும் எச்சரிக்கிறது. கைபன்–ஹெர்ட்ஸ்பெர்க் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் உவர்நீர் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் கீழே தள்ளப்படும். ஆர்.எஸ்.மங்கலமோ கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. இடைப்பட்ட நிலம் முழுவதும் நீர்மட்டம் போதிய அளவு தாழ்ந்ததென்று காட்டாமல், கடலை அவ்வளவு தூரம் அழைத்துவர முடியாது.

கடல் தானே வந்து போனதற்குத் தடயம் உண்டு. இக்கடலோரத்தில் இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளப்பாறைகளை ஸ்டாடர்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972இல் விவரித்தனர். கடல் உயர்ந்திருந்ததா, நிலம் எழும்பியதா என்ற விவாதம் நமக்கு இங்கே தேவையில்லை. எப்படியாயினும் தாழ்ந்த கரையோரச் சமவெளி ஒரு காலத்தில் உப்பில் ஊறியிருக்கக் கூடும். அதைக் கழுவி வெளியேற்றும் சரிவு இந்நிலத்துக்கு இல்லை.

வேதியியலார் கண்டுகொள்ளாத சான்று ஊருணி. கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிநீருக்கு என்ற பிரிவினை இம்மாவட்டத்தில் மோட்டார் பம்புக்கு மிக முந்தியது. 48 மடைகளால் பெயர்பெற்ற கண்மாய் இருக்கும் ஊர் ஆர்.எஸ்.மங்கலம். இப்பகுதியில் குடிப்பதற்கென்று தனியே வெட்டி, மாடு இறங்காமல், துணி துவைக்காமல் காத்த மழைநீர்க் குளங்கள் ஊர்தோறும் உண்டு. தோண்டிய இடத்தில் நல்ல தண்ணீர் கிடைத்திருந்தால் இத்தனை கட்டுப்பாட்டுக்கு அவசியமில்லை. ஊருணி வெறும் வசதிக்கானது என்ற மறுப்பு, அதைத் தூர்வாரக் கூடிய ஊரின் உழைப்பைக் கணக்கில் கொள்ளவில்லை.

முன்பு நன்றாக இருந்த கிணறு போர் போட்டபின் உவர்த்துவிட்டது என்ற ஊர்வழக்கு வலுவான மறுப்பு. அதை ஏற்கிறேன். ஆனால் மேலே மிதந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தை உறிஞ்சினால், அடியில் கிடந்த பழைய உவர்நீர் மேலெழும். உறிஞ்சல் இங்கே உப்பை இடம் மாற்றுகிறது, கடலை இழுத்துவரவில்லை. கோடையில் உப்பு கூடுவதற்கு ஆவியாதலே போதும். இராமேசுவரம் போன்ற தீவின் மணற்படுகைக்கு இவ்வாதம் பொருந்தாது. அங்கே ஊடுருவல் உண்மையான அச்சம்.

இத்தகைய தடுமாற்றம் புதிதல்ல. 1983இல் கொல்கத்தாவின் மருத்துவர் கே.சி.சாஹா அடையாளம் கண்ட, நிலத்தடி நீர் வழி வந்த ஆர்செனிக் நோய்க்கும், பாசனப் பம்புகள் நீர்மட்டத்தை இறக்கியதால் காற்றுப் புகுந்து பைரைட் கனிமம் சிதைந்ததே காரணம் என்று வலுவாக வாதிடப்பட்டது. அப்படியானால் நீரில் சல்பேட் மிகுந்திருக்க வேண்டும். ஆர்செனிக் மிகுந்த நீரிலோ அது குறைவாகவே இருந்தது. ஆக்சிசனற்ற சூழலில் இரும்பு ஆக்சைடு கரைந்து ஆர்செனிக்கை விடுவிக்கிறது என்ற விளக்கத்தை 1998இல் நிக்சனும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தனர். நஞ்சு இயற்கையானது, பம்புகள் அதை நகர்த்தியிருக்கலாம் என்பது வேறு கேள்வி. எதிர்பார்த்த தடயம் இருக்கிறதா என்று கேட்டதே அங்கே விவாதத்தைத் திருப்பியது.

உப்பின் வயது ஏட்டுக் கேள்வி அல்ல. கடல் புகுந்தது என்றால் தீர்வு உறிஞ்சலுக்குத் தடை. பழி விவசாயி மேல். பழைய இருப்பு என்றால், எத்தனை போரை மூடினாலும் அடிநீர் இனிக்காது. அப்போது பணம் போக வேண்டிய இடம் ஊருணியும் அதன் வரத்துக்காலும். திருச்சிப் பக்கமிருந்து வரும் காவிரிக் குழாய்க்கு அவை துணை நிற்கும். இரண்டையும் பிரித்தறியும் கருவி உண்டு. ஆவியான மழைநீரும் கடல்நீர்க் கலப்பும் ஆக்சிசன்-18, டியூட்டீரியம் அளவீட்டில் வெவ்வேறு கோடுகளில் விழும். டிரிட்டியமும் கார்பன்-14உம் நீரின் வயதைச் சொல்லும். கடற்கரையிலிருந்து மேற்கே ஒரே வரிசையில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஆழங்களில், நீர்மட்டத்தோடு சேர்த்து இவற்றை அளக்க வேண்டும். அளந்தபின் நான் தோற்கலாம். அளக்கும் முன் ‘ஊடுருவல்’ என்று எழுதுவதை நிறுத்துவது நல்லது.