சஅதின் இரண்டு பெண் மக்கள்

ஹிஜ்ரி 3, அதாவது கி.பி. 625. மதீனாவை அடுத்த உஹத் மலையடிவாரப் போரில் முஸ்லிம்கள் தரப்பில் எழுபது பேர் வரை மாண்டார்கள். ஊரோ சிறியது. ஒரே நாளில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் தகப்பனை இழந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அநாதைகளின் சொத்தைப் பற்றி விரிவாகப் பேசும் குர்ஆனின் 4ஆம் அத்தியாயத்தின் முற்பகுதி இதற்குப் பின் வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

மாண்டவர்களில் சஅத் பின் ரபீஉ ஒருவர். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபுக்குத் தன் சொத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்த மனிதர். அவர் போனதும் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். ஆயுதம் ஏந்தும் ஆணுக்கே சொத்து என்பது அன்றைய அரபு வழக்கம். ஆகவே ஊரார் கண்ணில் அது திருட்டாகத் தெரிந்திராது. சஅதின் மனைவி இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு நபிகள் நாயகத்திடம் வந்தார். பொருள் இல்லாமல் இவர்களை யார் கட்டுவார்கள் என்பது அவர் கவலை. (எந்த ஊர்த் தாய்க்குத்தான் அந்தக் கவலை இல்லை!)

வாரிசுரிமை வசனம் வந்ததும் அந்தச் சகோதரரை நாயகம் அழைத்தார். பெண்கள் இருவருக்குமாக மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மிச்சம் அவருக்கு. 24 பங்காகப் போட்டால் 16, 3, 5.

காப்பாளருக்கும் விதிகள் வந்தன. பிள்ளை விவரம் அறிந்துவிட்டதா என்று சோதித்து, சாட்சி வைத்துச் சொத்தை ஒப்படைக்க வேண்டும். வசதியுள்ளவர் அதில் கை வைக்கக் கூடாது. ஏழையானால் நியாயமான அளவு எடுக்கலாம். அநாதை சொத்தைத் தின்பது நெருப்பைத் தின்பது என்ற எச்சரிக்கையைக் கேட்டுப் பயந்தவர்கள், அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சமைத்து வைத்தார்களாம். மிஞ்சியது கெட்டுப்போனாலும் தொடமாட்டார்கள். பிறகு, சேர்ந்து புழங்கலாம், அவர்கள் உங்கள் சகோதரர்களே என்று அனுமதி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் ஒரு சிக்கல் நின்றுபோயிற்று. தாத்தா இருக்கும்போதே மகன் இறந்து, இன்னொரு மகன் உயிரோடு இருந்தால், இறந்தவரின் பிள்ளைகளுக்குத் தாத்தா சொத்தில் பங்கில்லை. நெருங்கிய வாரிசு தூரத்து வாரிசை விலக்கிவிடும். எகிப்து 1946இல், தாத்தா உயில் எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொண்டு, மூன்றில் ஒன்றுக்கு மிகாமல் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சட்டம் செய்தது. பாகிஸ்தான் 1961இல் இறந்த மகனின் பங்கையே அவர்களுக்கு ஆக்கியது. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. தாத்தாவே மனம்வைத்து மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம். அல்லது உயிரோடிருக்கையிலேயே ஹிபாவாகக் கொடுத்துவிடலாம்.

நான் உத்தியோகத்தில் இருந்தபோது, வேறொரு பத்திர வேலையாக வந்த பெரியவர் ஒருவரிடம் இதை எடுத்துச் சொன்னேன். "நோன்பு கழியட்டும் தம்பி, எழுதிடலாம்" என்றார். நோன்புக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். அவருடைய பேரன்மார் இருவரும் பிறகு அவர் கடையிலேயே, சம்பளத்துக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.