சிக்குன்குனியா மூட்டழற்சி

சிக்குன்குனியா மூட்டழற்சி என்பது சிக்குன்குனியா வைரசுத் தொற்றைத் தொடர்ந்து மூட்டுகளில் ஏற்படும் வலி, வீக்கம், விறைப்பு ஆகியவற்றைக் குறிக்கும். இவ்வைரசு ஏடிசு வகைக் கொசுக்களால் (ஈழ வழக்கு: நுளம்பு) பரப்பப்படுகிறது. காய்ச்சல் பொதுவாக ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். ஆனால் மூட்டு வலி பல வாரங்களும், சிலருக்குப் பல மாதங்களும் நீடிக்கக்கூடும். இந்நோயால் இறப்பு நேர்வது அரிது. எனினும் கைகால்களின் வலுவை நம்பி வாழ்வோரின் வருவாயை இது நீண்ட காலம் பாதிக்கிறது. இதற்கான மருத்துவம் நோயின் கட்டத்தைப் பொறுத்து மாறுபடும். ஒரு கட்டத்தில் பயன்தரும் மருந்து மற்றொரு கட்டத்தில் தீங்கு விளைவிக்கலாம்.

பெயர்க் காரணம்

சிக்குன்குனியா என்னும் சொல் தான்சானியாவின் தென்பகுதியில் பேசப்படும் மக்கொண்டே மொழியில் இருந்து வந்தது. "வளைந்து போவது" என்பது இதன் பொருள். மூட்டு வலியால் நோயாளி நிமிர இயலாமல் குனிந்து நடப்பதை இது குறிக்கிறது. 1952-53 ஆம் ஆண்டுகளில் அப்பகுதியில் பரவிய காய்ச்சலின்போது இந்நோய் முதன்முதலில் தனி நோயாக அடையாளம் காணப்பட்டது.

தமிழ்நாட்டில் இது "சிக்கன் குனியா" என்றும் தவறாக எழுதப்படுவதுண்டு. இதனால் கோழி இறைச்சி உண்பதால் இந்நோய் வரும் என்ற எண்ணம் சிலரிடம் நிலவுகிறது. இந்நோய்க்கும் கோழிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

வரலாறு

இந்தியாவில் சிக்குன்குனியா வைரசு முதலில் 1963 இல் கொல்கத்தாவில் கண்டறியப்பட்டது. 1964 இல் சென்னை, புதுச்சேரி, வேலூர் ஆகிய இடங்களிலும், 1965 இல் விசாகப்பட்டினம், இராஜமுந்திரி, காக்கிநாடா, நாக்பூர் ஆகிய இடங்களிலும் பரவியது. 1973 இல் மகாராட்டிர மாநிலம் பார்சியில் காணப்பட்ட பின்னர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு இந்தியாவில் பெரிய அளவில் பரவவில்லை.

2005 ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திரப் பிரதேசத்தில் மீண்டும் தோன்றிய இந்நோய், 2006 இல் கர்நாடகம், மகாராட்டிரம், தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்குப் பரவியது. அவ்வாண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் எனப் பதிவானது. 1960களில் பரவியது ஆசிய மரபு வகை. 2006 இல் பரவியது கிழக்கு, நடு, தென் ஆப்பிரிக்க மரபு வகை ஆகும்.

இந்நோய் நெடுங்காலம் டெங்குவுடன் குழப்பிக்கொள்ளப்பட்டு வந்தது. 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் டெங்கு எனப் பதிவான சில கொள்ளைநோய்கள் உண்மையில் சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்று டொனால்ட் கேரி 1971 இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். அக்காலக் குறிப்புகளில் நீடித்த மூட்டு வலி விவரிக்கப்பட்டிருந்தது இதற்கு ஒரு காரணமாகும். இந்தக் குழப்பம் இன்றும் மருத்துவத்தில் முக்கியத்துவம் உடையது (பார்க்க: நோயறிதல்).

மூட்டு பாதிக்கப்படும் விதம்

கொசு கடித்த 3 முதல் 7 நாட்களில் நோய் வெளிப்படுகிறது. இரத்தத்தில் பெருகும் வைரசு மூட்டுகளின் உட்சவ்வையும் அதைச் சூழ்ந்த தசைகளையும் அடைகிறது. அங்குள்ள உயிரணுக்களைத் தாக்கும் வைரசை எதிர்க்க வெள்ளையணுக்கள் திரள்கின்றன. அவை சுரக்கும் வேதிப்பொருட்களால் சவ்வு வீங்கி, மூட்டில் நீர் கோத்து, வலி உண்டாகிறது. இச்செயற்பாடே அழற்சி எனப்படுகிறது.

வைரசு இரத்தத்தில் இருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் நீங்கிவிடுகிறது. இருப்பினும் அழற்சி தொடர்வதற்கு, மூட்டுச் சவ்வில் எஞ்சியிருக்கும் வைரசின் கூறுகளும், அடங்காது நீடிக்கும் நோயெதிர்ப்பு வினையும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. முதுமையில் குருத்தெலும்பு தேய்வதால் வரும் மூட்டு வலியில் இருந்து இது வேறுபட்டது.

அறிகுறிகள்

* திடீரெனத் தோன்றும் கடும் காய்ச்சல்
* மணிக்கட்டு, விரல், கணுக்கால், முழங்கால் முதலிய மூட்டுகளில் கடும் வலி; பெரும்பாலும் உடலின் இருபுறமும் ஒத்த மூட்டுகளில் காணப்படும்
* காலையில் எழும்போது மூட்டுகளில் விறைப்பு
* தோலில் சிவந்த தடிப்புகள், தலைவலி, தசை வலி, சோர்வு

பெரும்பாலானோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். பல ஆய்வுகளைத் தொகுத்துச் செய்யப்பட்ட மதிப்பீடுகளின்படி, ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை மூன்று மாதங்களுக்குப் பின்னரும் மூட்டு வலியால் துன்புறலாம். 45 வயதைக் கடந்தவர்கள், பெண்கள், முன்னரே மூட்டு நோய் உள்ளவர்கள், தொடக்கத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இதற்கான வாய்ப்பு அதிகம்.

நோயறிதல்

நோயின் முதல் வாரத்தில் ஆர்டி-பிசிஆர் சோதனை மூலம் வைரசின் மரபுப்பொருளைக் கண்டறியலாம். ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பின் எலிசா முறையில் ஐஜிஎம் எதிர்ப்பான் கண்டறியப்படுகிறது. இந்த எதிர்ப்பான் சில மாதங்கள் இரத்தத்தில் தங்கியிருக்கும். எனவே சோதனை முடிவை நோய் தொடங்கிய நாளுடன் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் ஒரே கொசு பரப்புவதால் இவை ஒரே பகுதியில், ஒரே பருவத்தில் காணப்படுகின்றன; ஒருவருக்கே இரண்டும் ஒருங்கே வரவும் கூடும். மூட்டு வீக்கம் சிக்குன்குனியாவில் மிகுதி. இரத்தத் தட்டுகள் குறைதல், இரத்தக் கசிவு, இரத்த அழுத்தம் வீழ்தல் ஆகியவை டெங்குவில் மிகுதி. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம் கசிதல், மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாதக்கணக்கில் நீடிக்கும் சிக்குன்குனியா மூட்டழற்சி, முடக்கு வாதத்தைப் போலவே தோற்றமளிக்கும். வலி தொடங்கும் முன் காய்ச்சல் இருந்ததா என்ற தகவலும், முடக்கு வாதக் காரணி, சிசிபி எதிர்ப்பான் ஆகிய இரத்தச் சோதனைகளும் வேறுபாட்டை அறிய உதவுகின்றன. சிலருக்குக் காய்ச்சலுக்குப் பின்னர் உண்மையான முடக்கு வாதமே வெளிப்படுவதும் உண்டு.

மருத்துவம்

இவ்வைரசை நேரடியாக அழிக்கும், உறுதிசெய்யப்பட்ட மருந்து எதுவும் இல்லை. நோயின் காலம் மருத்துவத்துக்காக மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது.

முதல் கட்டம் (முதல் மூன்று வாரங்கள்)

ஓய்வு, போதிய நீர், காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் ஆகியவையே அடிப்படை மருத்துவம். பெரியவர்கள் ஒரு நாளில் மொத்தம் 4 கிராமுக்கு மேல் பாரசிட்டமால் உட்கொள்ளக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இவ்வளவு இன்னும் குறைவு. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்குளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். டெங்கு இருந்தால் இவை இரத்தக் கசிவை அதிகரிக்கக்கூடும்.

மருந்துக் கடைகளில் "காய்ச்சலுக்கு, உடம்பு வலிக்கு" எனக் கேட்டு வாங்கும் கலவை மாத்திரைகளில் இவ்வகை மருந்துகளோ, ஸ்டீராய்டுகளோ இருக்கலாம். ஸ்டீராய்டு ஊசியால் ஓரிரு நாட்களில் வலி மறைவதால் பலர் அதை நாடுகின்றனர். ஆனால் தொடக்கக் கட்டத்தில் இது பரிந்துரைக்கப்படுவதில்லை. மருந்தின் விளைவு குறைந்ததும் வலி மீண்டும் வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை அளவும் உயரும்.

இரண்டாம் கட்டம் (நான்காவது வாரம் முதல் மூன்று மாதங்கள் வரை)

டெங்கு இல்லை என உறுதியான பின், மருத்துவரின் பரிந்துரைப்படி நாப்ராக்சன் போன்ற அழற்சி நீக்கும் மருந்துகள் தரப்படுகின்றன. இவை இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் ஏற்படுத்தக்கூடியவை. ஆதலால் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவை உள்ளவர்கள் இதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இம்மருந்துகளால் அடங்காத கடும் அழற்சிக்கு மட்டும் குறைந்த அளவு ஸ்டீராய்டு, குறுகிய காலத்துக்கு மருத்துவக் கண்காணிப்பில் வழங்கப்படலாம்.

மூட்டை முற்றிலும் அசைக்காமல் வைத்திருந்தால் விறைப்பும் தசை மெலிவும் கூடும். வலி தாங்கும் அளவுக்குள் விரல்களை மடக்கி நீட்டுதல், கணுக்காலைச் சுழற்றுதல் முதலிய எளிய பயிற்சிகள் நன்மை தரும்.

மூன்றாம் கட்டம் (மூன்று மாதங்களுக்கு மேல்)

இக்கட்டத்தில் மூட்டு நோய் வல்லுநரைக் காண்பது நல்லது. அழற்சி நீடித்தால் மெத்தோட்ரெக்சேட் போன்ற நோய்ப்போக்கை மாற்றும் மருந்துகள் அளிக்கப்படலாம். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து. இதைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாகும். கருவுற்றவர்கள் இதை உட்கொள்ளக் கூடாது.

2006 ஆம் ஆண்டுப் பரவலின்போது குளோரோகுயின் பரவலாக வழங்கப்பட்டது. பின்னர் ரீயூனியன் தீவிலும் இந்தியாவிலும் நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளில் அதனால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை.

நிலவேம்புக் குடிநீர்

நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய ஒன்பது பொருட்கள் சேர்ந்த சித்த மருந்தாகும். தமிழ்நாட்டில் காய்ச்சல் பரவும் காலங்களில் அரசு மருத்துவமனைகளில் இது வழங்கப்பட்டு வந்துள்ளது. நீடித்த மூட்டழற்சிக்கான மருத்துவத்துக்கு இது மாற்றாகாது. இதைக் குடித்து வருபவர்களும் மேற்கூறிய ஆபத்து அறிகுறிகள் தோன்றினால் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்கக் கூடாது.

வட சென்னைச் சூழல்

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் துறைமுகமும் மீன்பிடித் தொழிலும் ஆலைகளும் சேர்ந்த நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளாகும். ஏடிசு கொசு சாக்கடையில் அன்றி, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. லாரித் தண்ணீரையும் குறித்த நேரத்தில் மட்டும் வரும் குழாய் நீரையும் நம்பியுள்ள வீடுகளில் குடம், டிரம், தொட்டி ஆகியவற்றில் நீரைச் சேமிப்பது தவிர்க்க இயலாதது. மூடப்படாத கலன்கள் கொசு வளர ஏற்ற இடங்களாகின்றன. படகுகளின் பக்கங்களில் கட்டப்படும் பழைய டயர்கள், மீன் பெட்டிகள், பழைய இரும்புக் கடைகளில் குவிந்திருக்கும் கலன்கள் ஆகியவற்றில் மழைநீர் தேங்குவதும் ஒரு காரணமாகும்.

துறைமுகங்கள் வழியாகக் கொசுக்களும் அவற்றின் முட்டைகளும் நாடு விட்டு நாடு செல்லக்கூடும். எனவே 2005 ஆம் ஆண்டின் பன்னாட்டு நலவாழ்வு விதிகள், துறைமுக வசதிகளைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் தொலைவுக்கு நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் எனக் கூறுகின்றன.

சுமை தூக்குவோர், வலை பின்னுவோர், மீன் வெட்டுவோர், ஆலைத் தொழிலாளர் போன்றோருக்கு மணிக்கட்டும் விரல்களும் கணுக்காலுமே தொழிற்கருவிகள். இந்நோய் முதலில் தாக்குவதும் இவற்றையே. நாட்கூலி பெறுவோர் வலி தீரும் முன் வேலைக்குத் திரும்ப நேர்வதால், விரைந்து வலியைப் போக்கும் ஊசி மாத்திரைகளைத் தொடர்ந்து பயன்படுத்தும் நிலை உருவாகிறது. அரசு ஸ்டான்லி மருத்துவமனை, தண்டையார்பேட்டையில் உள்ள மாநகராட்சித் தொற்றுநோய் மருத்துவமனை, மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவை இப்பகுதி மக்களுக்கு அருகில் உள்ள பொது மருத்துவ நிலையங்களாகும்.

தடுப்பு முறைகள்

* நீர்க்கலன்களை இறுக மூடி வைத்தல்.
* வாரம் ஒருமுறை கலன்களைக் காலிசெய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும் என்பதால் நீரைக் கொட்டுவது மட்டும் போதாது.
* தேங்காய் ஓடு, டயர், உடைந்த பாத்திரம் ஆகியவற்றை அகற்றுதல்.
* ஏடிசு கொசு பகலில் கடிப்பதால் பகலிலும் உடலை மூடும் ஆடை அணிதல்.
* நோயாளியை முதல் வாரத்தில் கொசுவலைக்குள் இருக்கச் செய்தல். அவரைக் கடிக்கும் கொசு மற்றவர்களுக்கு நோயைப் பரப்பும்.

சிக்குன்குனியாவுக்கான முதல் தடுப்பூசிக்கு அமெரிக்கா 2023 நவம்பரில் அனுமதி வழங்கியது. கடும் பக்கவிளைவுகள் காரணமாக அந்த உரிமத்தை 2025 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. வேறு முறையில் உருவாக்கப்பட்ட மற்றொரு தடுப்பூசிக்கு 2025 பிப்ரவரியில் அங்கு அனுமதி கிடைத்தது.

இவற்றையும் பார்க்கவும்

* டெங்குக் காய்ச்சல்
* முடக்கு வாதம்
* ஏடிசு கொசு
* மூட்டழற்சி